அந்த பிளாஸ்டிக் கவரைக் கொட்டிப் பாருங்கள்: எல்லையோரத்துப் பெரியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசு மருத்துவக் காப்பீடு

எழுபது தாண்டிய அப்பத்தாவோ, நடமாட முடியாத அண்ணனோ உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களுடைய கார்டுகள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில்தான் இருக்கும். ஜவுளிக்கடைக் கவர், பீரோ மேல் தட்டில், ரப்பர் பேண்ட் போட்டு. அதை இன்று இரவே எடுத்துப் பாயில் கொட்டுங்கள். காப்பீட்டு வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எங்கள் வீட்டில் அந்தக் கவரை நாங்கள் கொட்டிப் பார்த்தது ஆஸ்பத்திரி வராந்தாவில். கேரளத்து வண்டிப்பெரியாரில் இருக்கும் பெரியம்மா லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஜீப்பில் படுக்க வைத்துக் கொண்டுவந்து இறக்கிய பிறகு. கவுண்டரில் "இன்சூரன்ஸ் கார்டு இருக்கா?" என்று கேட்டார்கள். "நிறைய கார்டு இருக்குங்க" என்று பெரியப்பா மொத்தக் கவரையும் நீட்டினார். ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, தோட்டத்து டிஸ்பென்சரி புத்தகம், சிப் வைத்த ஒரு பழைய நீலநிற அட்டை. அந்தச் சிப் அட்டையைத்தான் அவர் பத்து வருடமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அது ஆர்.எஸ்.பி.ஒய். அட்டை, 2008ல் ஆரம்பித்த பழைய திட்டம், வருடம் 30,000 ரூபாய் வரைக்கும் கொடுத்தது, அது முடிந்து போய் வருடங்கள் ஆகிறது. அன்றைக்கு நாங்கள் அலைந்த அலைச்சல் வேறு யாருக்கும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் இருப்பது தேனி மாவட்டம் கூடலூரில். சொந்தக்காரர்கள் பாதிப்பேர் குமுளிக்கு மேலே, கேரளத்தில். அதனால் இரண்டு பக்கத்துக் கணக்கும் எனக்குக் கொஞ்சம் பழக்கம்.

சரி, கவரைக் கொட்டியாயிற்றா? இப்போது பிரியுங்கள். ரேஷன் கார்டு காப்பீட்டு அட்டை ஆகாது, ஆனால் காப்பீடு எடுக்க அது வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு வரும் யு.டி.ஐ.டி. கார்டும் காப்பீட்டு அட்டை ஆகாது. இதில்தான் அதிகம் பேர் ஏமாந்து போகிறார்கள், அரசு முத்திரையோடு பளபளவென்று இருப்பதால் அதைக் காட்டினாலே ஆபரேஷன் நடந்துவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். அது ஊனத்தின் வகையையும் சதவீதத்தையும் சொல்லும் அடையாள அட்டை, அவ்வளவுதான். தோட்டத்து டிஸ்பென்சரி புத்தகம் வேலையில் இருக்கும் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் உரியது, சட்டப்படி தோட்டம் கொடுக்க வேண்டிய வைத்திய வசதி. பென்ஷனாகி வந்தவர்கள் அதை நம்பி உட்கார முடியாது. அதுவும் பீர்மேடு பக்கம் எத்தனை தோட்டங்கள் வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தன என்று அங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காப்பீட்டு அட்டை என்று எடுத்து வைக்க வேண்டியவை மூன்றே வகை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, கேரளத்தில் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி, சுருக்கமாகக் காஸ்ப். மூன்றாவது மத்திய அரசின் ஆயுஷ்மான் அட்டை. அதில் எழுபது வயது ஆனவர்களுக்கென்று தனியாக வய வந்தனா அட்டை. இந்த மூன்றில் ஒன்று கூடக் கவரில் இல்லையென்றால் உங்களுக்கு வேலை இருக்கிறது. மூட்டு நன்றாக இருக்கும்போதே, காய்ச்சல் இல்லாதபோதே செய்துவிட வேண்டிய வேலை.

அட்டை எதற்கு, எதற்கு இல்லை

மாதாமாதம் வாங்கும் சுகர் மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் இந்த அட்டை உதவாது. ஓ.பி. சீட்டு வாங்கி டாக்டரைப் பார்த்துவிட்டு வருவதற்கும் உதவாது. படுக்கையில் சேர்த்துப் பார்க்கிற வைத்தியத்துக்குத்தான் இது. இடுப்பு எலும்பு ஆபரேஷன், அதில் வைக்கும் பிளேட், ஸ்க்ரூ, இருதய அடைப்புக்கு ஸ்டென்ட், ஐ.சி.யு. இப்படி. ராத்தங்காமல் திரும்புகிற சில சிகிச்சைகளும் இதில் வரும்: டயாலிசிஸ், கேன்சருக்கு ஏற்றும் மருந்து, கண்புரை ஆபரேஷன்.

மூன்று திட்டங்களிலும் வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இது தலைக்கு ஐந்து லட்சம் அல்ல, குடும்பத்துக்கு ஐந்து லட்சம். வீட்டில் ஒருவருக்கு இரண்டு லட்சம் செலவானால் மிச்சம் மூன்று லட்சம்தான் மற்றவர்களுக்கு, அடுத்த வருடம் மறுபடி முழுதாக ஏறிக்கொள்ளும். பணமாக நம் கைக்கு எதுவும் வராது, நேராக ஆஸ்பத்திரிக்குப் போகும். அப்புறம், "ஏற்கெனவே வியாதி இருக்கே, சேர்ப்பாங்களா?" என்று பயப்பட வேண்டாம். தனியார் இன்சூரன்ஸில்தான் அந்தக் கேள்வி. இங்கே பத்து வருடமாகச் சுகர் இருந்தாலும், போலியோவில் கால் போயிருந்தாலும் முதல் நாளிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள், பிரீமியமும் நாம் கட்ட வேண்டியதில்லை.

எந்தப் பக்கத்து அட்டை

நம் ஊர்களில் எல்லாக் குழப்பமும் இங்கேதான். வீடு கூடலூரில், வேலை ஏலக்காட்டில், மகள் கட்டிக்கொடுத்தது வண்டிப்பெரியாரில். ஆதாரில் கேரள முகவரி, ரேஷன் கார்டில் தமிழ்நாட்டு முகவரி என்று இருப்பவர்களை எனக்கே பத்துப் பதினைந்து பேர் தெரியும். காப்பீட்டுக்கு முன்னால் இதை நேராக்குங்கள். எந்தப் பக்கம் நிரந்தரமாக இருக்கப் போகிறீர்களோ அந்தப் பக்கத்தில் ஆதார், ரேஷன் கார்டு இரண்டும் இருக்கட்டும். இரண்டு மாநிலத்திலும் ரேஷன் கார்டு வைத்திருப்பது சட்டப்படி தப்பு. காப்பீட்டு கவுண்டரில் ஆதாரைத் தட்டியதும் அது இடித்துக்கொண்டு நிற்கும்.

தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் வழி எளிது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். (முன்பு 72,000 என்று இருந்தது, அதைக் கேட்டுப் பயந்து போனவர்கள் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.) வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ. அலுவலகம், அப்புறம் ரேஷன் கார்டும் எல்லோருடைய ஆதாரும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையம். கூடலூர்க்காரர்களுக்கு அது தேனி. பஸ்ஸில் போக வர அரை நாள் போய்விடும், அதனால் போகும்போதே ரேஷன் கார்டில் பெயர் இருக்கிற எல்லோரையும் கூட்டிப் போய்விடுங்கள், போட்டோவும் ரேகையும் அங்கேதான் எடுப்பார்கள். ரேஷன் கார்டில் பெயர் இல்லாத பெரியவருக்கு அட்டையில் இடம் கிடைக்காது. மகன் வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட அம்மாவின் பெயரைப் பழைய கார்டிலிருந்து நீக்கி மகன் கார்டில் சேர்க்காமலே விட்டுவிடுகிறார்கள், ஆபரேஷன் நாளில் அது தெரியவரும். முதலில் பெயரைச் சேருங்கள். இத்திட்டம் 2012 ஜனவரியிலிருந்து இருக்கிறது, 2018 செப்டம்பரில் மத்திய அரசுத் திட்டத்தோடு இணைந்தது. சந்தேகம் கேட்க இலவச எண் 1800 425 3993.

கேரளப் பக்கம் வேறு மாதிரி. அங்கே 2019 ஏப்ரலில் பழைய திட்டங்களை எல்லாம் ஒன்றாக்கிக் காஸ்ப் வந்தது. அந்தக் கட்டத்தில் நடப்பில் இருந்த ஆர்.எஸ்.பி.ஒய். அல்லது சி.ஹெச்.ஐ.எஸ். (கேரள அரசின் பழைய காப்பீடு) அட்டை வைத்திருந்த குடும்பங்களும், ஆயுஷ்மானுக்காகப் பிரதமரின் கடிதம் வந்த குடும்பங்களும்தான் பட்டியலில். ரேஷன் கார்டு ஏழைகளுக்கான மஞ்சளாகவோ பிங்க்காகவோ இருந்தாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள், பட்டியலில் குடும்பம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்க, திட்டத்தில் சேர்ந்த ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியின் காஸ்ப் கவுண்டருக்கு ஆதாரும் ரேஷன் கார்டும் எடுத்துப் போனால் போதும். தெரிந்த ஆஷா சேச்சி (வார்டின் சுகாதாரப் பணியாளர்) இருந்தால் அவரைக் கேளுங்கள், வார்டில் யார் பெயர் இருக்கிறது, இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் கவுண்டரில் கேட்டபோது பெரியம்மாவின் பெயர் பட்டியலில் இருந்தது. அந்தச் சிப் அட்டை செத்துப் போயிருந்தாலும் அது ஒரு காலத்தில் புதுப்பிக்கப்பட்டதால்தான் குடும்பமே பட்டியலுக்குள் வந்திருக்கிறது. அதனால் பழைய அட்டையைத் தூக்கி எறியாதீர்கள், அதன் எண்ணை வைத்துத் தேட முடியும்.

பட்டியலில் பெயர் இல்லையா? ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் என்றால் காருண்யா பெனவலன்ட் ஃபண்ட் இருக்கிறது. வாழ்நாளில் ஒரு தடவை, 2 லட்சம் வரை, சிறுநீரக மாற்று என்றால் 3 லட்சம் வரை. இதையும் சேர்ந்த ஆஸ்பத்திரியின் கவுண்டரிலேயே கேட்கலாம். கேரளத்தில் எதற்கும் திஷா உதவி எண் 1056.

எழுபது ஆனவர்களுக்கு

2024 அக்டோபர் 29 அன்று தொடங்கிய வய வந்தனா அட்டைக்கு வருமானக் கணக்கே கிடையாது. ஏலத்தோட்டம் வைத்திருக்கும் முதலாளியும் எடுக்கலாம், அந்தத் தோட்டத்தில் காய் பறித்த அம்மாவும் எடுக்கலாம். வயது எழுபது முடிந்திருக்க வேண்டும், அதுவும் ஆதாரில். ஆதார் என்ன சொல்கிறதோ அதுதான் வயது. குடும்பம் ஏற்கெனவே ஆயுஷ்மானில் இருந்தால், எழுபது ஆனவர்களுக்கு என்று தனியாக இன்னொரு 5 லட்சம். அதில் மருமகள் பிரசவமோ பேரன் ஆபரேஷனோ கை வைக்க முடியாது. தாத்தா பாட்டி இருவரும் எழுபது தாண்டியிருந்தால் அந்த ஐந்து லட்சத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

கம்பம், கூடலூர் பக்கம் பட்டாளத்துக்குப் போய் வந்தவர்கள் நிறையப் பேர். இ.சி.ஹெச்.எஸ். என்ற ராணுவ ஓய்வூதியர் மருத்துவத் திட்டம் இருக்கும் முன்னாள் ராணுவத்தினர் அதை வைத்துக்கொள்வதா, இதற்கு மாறுவதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியரின் மருத்துவத் திட்டமான சி.ஜி.ஹெச்.எஸ்.ஸுக்கும் அதே. என் கருத்தைக் கேட்டால், இ.சி.ஹெச்.எஸ்.ஸை விடாதீர்கள், அதில் ஓ.பி. மருந்தும் கிடைக்கிறது. இ.எஸ்.ஐ.யோ தனியார் பாலிசியோ இருந்தால் பிரச்சினை இல்லை, அதோடு இதையும் எடுக்கலாம்.

எடுப்பதற்கு ஆயுஷ்மான் ஆப் போதும். போனில் ஆதாரோடு இணைத்த நம்பர் இருந்தால் ஓ.டி.பி. வரும், பெரியவரின் முகத்தைப் போட்டோ எடுக்கச் சொல்லும், வீட்டில் இருப்பவர்கள் விவரம் கேட்கும், முடிந்தது. ஆப் வராதவர்கள் இங்கே இ-சேவை மையத்துக்கும், அங்கே அக்ஷயா மையத்துக்கும் போகலாம்.

இதில் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரியம்மா முப்பத்தெட்டு வருடம் கொழுந்து கிள்ளியவர். மெஷினில் பெருவிரலை வைத்தார், எடுக்கவில்லை. ஆள்காட்டி விரல், எடுக்கவில்லை. மையத்துப் பெண் ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னாள், பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். பெரியம்மா கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "ரேகை எல்லாம் தேயிலை தின்னுருச்சும்மா" என்றார். விரல் நுனி வழவழவென்று, சோப்புக்கட்டி தேய்ந்த மாதிரி இருந்தது, கறை மட்டும் போகவில்லை. தோட்ட வேலை, கல் உடைப்பது, பாத்திரம் தேய்ப்பது என்று ஆயுசு முழுக்கக் கையால் உழைத்தவர்களுக்கெல்லாம் இதே கதி. ரேகை எடுக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து சிலர் போவதே இல்லை. ரேகை ஒரு வழி மட்டும்தான். கண் ரேகை இருக்கிறது, முகத்தை வைத்துச் சரிபார்ப்பது இருக்கிறது, ஓ.டி.பி. இருக்கிறது. மையத்தில் "ரேகை விழல" என்று சொன்னால் "முகம் வச்சுப் பாருங்க" என்று நீங்கள் கேளுங்கள். இதற்காகவே முதல் வேலையாகப் பெரியவரின் ஆதாரில் வீட்டில் எப்போதும் இருக்கிற ஒருவரின் போன் நம்பரை இணைத்துவிடுங்கள். எட்டு வருடத்துக்கு முன் தொலைந்த நம்பரைத்தான் பெரும்பாலான ஆதாரில் வைத்திருக்கிறோம்.

வயது தப்பாக இருந்தால்? உண்மையில் எழுபத்து மூன்று, ஆதாரில் அறுபத்தாறு என்று இருக்கிறவர்கள் உண்டு, அந்தக் காலத்தில் யாரோ குத்துமதிப்பாகப் போட்ட தேதி. ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒரு தடவைதான் மாற்ற விடுவார்கள், அதற்கும் ஆவணம் வேண்டும். கையில் சரியான ஆவணம் வரும்வரை அந்த ஒரு வாய்ப்பைச் செலவழித்துவிடாதீர்கள். அதுவரை குடும்ப அட்டையில் பெயர் இருந்தால் அதுவே காப்பாற்றும், அதற்கு வயது வரம்பு இல்லை.

மாற்றுத்திறனாளிகள் இருக்கும் வீடுகளுக்கு

முதலில் சான்றிதழ். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்கிறது. கண், காது, கால் மட்டும் இல்லை, ஆட்டிசம், மனநோய், தலசீமியா, பார்க்கின்சன் எல்லாம் உண்டு. பார்க்கின்சன் வந்து கை நடுங்கும் தாத்தாவுக்கும் சான்று வாங்க முடியும் என்பது பல வீடுகளில் தெரியாது. அரசு மருத்துவமனை மருத்துவக் குழு பார்த்து சதவீதம் போடும். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால்தான் பெரும்பாலான சலுகைகள். யு.டி.ஐ.டி. அட்டை இந்தியா முழுக்கச் செல்லும், எல்லை தாண்டினாலும் மறுபடி சோதனை தேவையில்லை.

இந்த அட்டையால் தானாகக் காப்பீடு வராது என்று மேலே சொன்னேன். கால் ஊனம், கண் பார்வை இல்லாதவர் போன்றவர்களுக்கு வழி குடும்பக் காப்பீடுதான், மேலே சொன்ன முதலமைச்சர் திட்டம் அல்லது காஸ்ப். மத்திய ஆயுஷ்மான் பட்டியல் தயாரித்தபோது கிராமங்களில் பார்த்த காரணங்களில் ஒன்று, ஊனமுற்ற ஒருவர் இருந்து உழைக்கும் உடம்போடு வயதுவந்தவர் யாரும் வீட்டில் இல்லாமல் இருப்பது. அப்படிப்பட்ட வீடு என்றால் பட்டியலில் பெயர் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

ஆனால் நான்கு நிலைகளுக்குத் தனியாக ஒரு நல்ல திட்டம் இருக்கிறது, நிராமயா. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய அறக்கட்டளை நடத்துகிறது. வருடம் 1 லட்சம் ரூபாய் வரை. தொகை சிறிது என்று ஒதுக்காதீர்கள், மற்ற எந்த அட்டையும் கொடுக்காததை இது கொடுக்கிறது: ஓ.பி., மருந்து, பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி. இப்படி ஒரு பிள்ளை இருக்கும் வீட்டில் பெரிய ஆபரேஷனை விட வாராவாரம் தெரபிக்குப் போகும் செலவுதான் குடும்பத்தைக் கரைக்கிறது, அந்த அம்மாக்களைக் கேட்டால் சொல்வார்கள். வயது வரம்பு இல்லை, நாற்பது வயது மகனையும் சேர்க்கலாம். சேர முன்னால் உடல் பரிசோதனையும் இல்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழே என்றால் முதல் வருடம் 250 ரூபாய், பிறகு புதுப்பிக்க 50. மற்றவர்களுக்கு 500, புதுப்பிக்க 250. தேசிய அறக்கட்டளையில் பதிவு செய்த தொண்டு நிறுவனம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், எது பக்கத்தில் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

இதில் பணத்தை முதலில் நாம் கட்டி, பிறகு வாங்க வேண்டும். அதனால் பில் முக்கியம். எங்கள் தெருவில் ஒரு அக்கா ஒரு சாக்லேட் டப்பா வைத்திருக்கிறார், மகளுக்குப் போட்ட ஒவ்வொரு பில்லையும், டாக்டர் சீட்டையும் அன்றே அதில் போட்டுவிடுவார். மருந்துக்கடை பில் சில மாதத்தில் வெளுத்து வெறும் காகிதமாகிவிடுகிறது என்று வாங்கிய அன்றே போனில் படமும் எடுத்துக்கொள்கிறார். அந்த டப்பாவை அப்படியே காப்பியடியுங்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரை அதன் வருடம், மார்ச் வருவதற்குள் புதுப்பித்துவிடுங்கள்.

சக்கர நாற்காலி, காதுக் கருவி இவற்றுக்கு மேலே சொன்ன காப்பீட்டு அட்டைகளை எதிர்பார்க்காதீர்கள். அதற்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்தான், கேரளத்தில் சமூக நீதித் துறை.

சேர்க்கும் நாளில்

அட்டை எடுப்பது பாதி வேலை. மீதிப் பாதி ஆஸ்பத்திரி வாசலில். என் மாமா ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அட்டை பையில் இருந்தது, யாரும் காட்டவில்லை. "முதல்ல உசுரைப் பாப்போம், அட்டையை அப்புறம் பாப்போம்" என்று முன்பணம் 40,000 கட்டினார்கள். மூன்றாம் நாள் அட்டையைக் காட்டியபோது, பணம் கட்டிச் சேர்ந்த நோயாளியாகப் பதிந்துவிட்டோம், இனி மாற்ற முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். அத்தை தோட்டைக் கழற்றி வைத்துத்தான் வெளியே வந்தார்கள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். அவசரம் இல்லாத ஆபரேஷன் என்றால், முதலில் போன் போட்டு இரண்டு கேள்வி: உங்கள் ஆஸ்பத்திரி இந்தத் திட்டத்தில் இருக்கிறதா, இந்த ஆபரேஷனுக்கு இருக்கிறதா? இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஒரு ஆஸ்பத்திரி கண்ணுக்கு மட்டும் திட்டத்தில் இருக்கும், எலும்புக்கு இருக்காது. சில சிகிச்சைகள் அரசு ஆஸ்பத்திரியில் மட்டும்தான் என்று ஒதுக்கியும் இருக்கிறார்கள். வய வந்தனா அட்டை என்றால் அட்டையின் பெயரைச் சொல்லியே கேளுங்கள், "ஆயுஷ்மான்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள்.

போய் இறங்கியதும், பணம் கட்டும் கவுண்டருக்கு முன்னால் காப்பீட்டு கவுண்டருக்குப் போங்கள். "இன்சூரன்ஸில் அட்மிஷன் போடுங்க" என்ற வார்த்தையை வாயால் சொல்லுங்கள். அவசரம் என்றால் ஒருவர் நோயாளியோடு உள்ளே, இன்னொருவர் அட்டையோடு கவுண்டரில், அதே நேரத்தில். அங்கே ஆதாரை வைத்துச் சரிபார்த்து, டாக்டர் எழுதியதையும் ஸ்கேனையும் ஏற்றி அனுமதிக்கு அனுப்புவார்கள். சில மணி நேரத்தில் வரலாம், சிலதுக்குக் கூடுதல் விவரம் கேட்டு இழுக்கும். கேட்கும் காகிதத்தை உடனே கொடுத்தால் உடனே நகரும், நாம் சாப்பிடப் போன நேரத்தில் கேட்டு, ஆள் இல்லையென்று ஒரு நாள் போகும். அதனால் கவுண்டர்க்காரரிடம் உங்கள் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அனுமதி வந்த பிறகு படுக்கை, மருந்து, சோதனை, உள்ளே வைக்கும் பிளேட், சாப்பாடு எல்லாம் அதிலேயே அடங்கும். வெளியே மருந்து வாங்கி வரச் சீட்டு கொடுத்தால், "இது இன்சூரன்ஸில் வராதா?" என்று மரியாதையாக, ஆனால் கவுண்டரிலேயே கேளுங்கள். சீட்டை வைத்துக்கொள்ளுங்கள், பணம் வாங்கினால் பில் கேளுங்கள். வீட்டுக்கு வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு, ஆயுஷ்மான் என்றால் அடுத்த 15 நாளைக்கான மருந்தும் அதிலேயே சேர்ந்தது. இதைக் கேட்டு வாங்காமல் வந்து, கம்பத்தில் கடையில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் ஏராளம்.

திட்டத்தில் உள்ள சிகிச்சைக்குப் பணம் கேட்டால் 14555க்கு அடியுங்கள், தமிழ்நாட்டில் மேலே சொன்ன எண், கேரளத்தில் 1056. ஆஸ்பத்திரிக்குள் இருக்கும்போதே அடியுங்கள், வெளியே வந்த பிறகு பணத்தைத் திரும்ப வாங்குவது மலையேறுவது மாதிரி.

செக்போஸ்டைத் தாண்டும்போது

வண்டிப்பெரியார், குமுளிக்காரர்களுக்குக் கோட்டயம் மெடிக்கல் காலேஜ் நூறு கிலோமீட்டர் போல, மலைப்பாதை. தேனி மெடிக்கல் காலேஜ், க.விலக்கில், கீழே இறங்கினால் வந்துவிடும். அதனால் அங்கிருந்து இங்கே வருகிறவர்கள் எப்போதும் உண்டு. அட்டை தாண்டி வருமா? மத்திய ஆயுஷ்மான் பட்டியலில் இருக்கும் குடும்பமானால் நாட்டில் எங்கே சேர்ந்த ஆஸ்பத்திரியிலும் செல்லும். மாநில அரசு தன் பணத்தில் சேர்த்த குடும்பமானால் அந்த மாநிலத்துக்குள்தான். அட்டையைப் பார்த்தால் இது தெரியாது. கவுண்டரில் "நாங்க மத்திய பட்டியலா, மாநிலப் பட்டியலா?" என்று கேட்டு, பதிலை அட்டையை வைக்கும் உறையில் பேனாவால் எழுதி வையுங்கள். பெரியம்மா மத்திய பட்டியல். அவருடைய உறையில் என் கையெழுத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

ரோட்டில் விபத்து என்றால் கணக்கு வேறு. தமிழ்நாட்டு எல்லைக்குள், லோயர் கேம்ப் வளைவில் வண்டி கவிழ்ந்தால், 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், அட்டை இல்லாவிட்டாலும்.

மாத்திரைச் செலவுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் வழியாக சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும், படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் பிசியோதெரபியும் உண்டு, கிராமச் செவிலியரிடம் பெயர் கொடுங்கள். கேரளத்தில் படுக்கையில் இருப்பவர்களைப் பஞ்சாயத்து பாலியேட்டிவ் (வலி தணிப்பு) குழு வீட்டுக்கு வந்து பார்க்கும். இதற்கும் காப்பீட்டுக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ள முடியும்.

"அட்டை வாங்கித் தரேன், ஆளுக்கு ஐநூறு" என்று லயத்துக்கே வருகிறவர்கள் உண்டு. பெயர் இல்லாத பட்டியலில் பெயரை யாராலும் காசுக்குச் சேர்க்க முடியாது, ஓ.டி.பி.யை அவர்களிடம் சொல்லவே கூடாது.

இப்போது பாயில் கிடப்பதை மறுபடி கவரில் போடுங்கள். காப்பீட்டு அட்டை, அதன் இரண்டு ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஊனச் சான்று இருந்தால் அதன் ஜெராக்ஸ், தினமும் சாப்பிடும் மாத்திரைப் பட்டியல், கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கவரைப் பீரோவில் பூட்ட வேண்டாம். பெரியம்மா வீட்டில் இப்போது அது காலண்டர் மாட்டிய ஆணியிலேயே தொங்குகிறது, மேலே கொட்டை எழுத்தில் பெரியப்பா பக்கத்து லயத்து ஜீப் டிரைவரின் நம்பரை எழுதி வைத்திருக்கிறார்.